சபா வாசலில் நிற்கும் என் அக்காவுக்கு

என் செல்லமே, என் செண்பகக்கா,

போனவர்களுக்கு இங்கே நடப்பதெல்லாம் தெரியும் என்கிறார்கள். உனக்கு மட்டும் தெரிந்திருக்கக் கூடாது என்று ஒரு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. கடைசி ஆறு மாதம் எதிர்வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாமல் மூடி வைத்திருந்த உன் மொட்டைத் தலையை, மயிலாப்பூரில் ஒரு சபா வாசலில், ஆளுயர பேனரில் அச்சடித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

பக்கத்தில் யார் தெரியுமா? நம்மாளு. உன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிறார். மேலே பெரிய எழுத்தில் ‘சிரிப்பே மருந்து’ என்று போட்டிருக்கிறது. கீழே டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று ஒரு நம்பர்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கடை நடக்கிறது. தி.நகரில் எத்தனையோ பெரிய கடைகள் வந்தும் நம் மேட்சிங் சென்டருக்கு ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறது. புடவையைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்துவிட்டு, ‘பெரியவங்க இல்லையா?’ என்று கேட்கிறார்கள். அலமாரியில் மஞ்சளே ஒரு வரிசை முழுக்க இருக்கிறது. உனக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், கை நேராக அந்தக் கட்டுக்குப் போகும். நான் இன்னும் ஒவ்வொன்றாக இழுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படி ஒருநாள் நிற்கும்போதுதான் ஆழ்வார்பேட்டை மாமி, அதுதான் எப்போதும் லைனிங் துணி வாங்குவாரே, அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க அக்கா படத்தை சபால வெச்சிருக்காளே, பாத்தேளோ? எனக்கு அழுகையே வந்துடுத்து. ஆத்துக்கு வந்தும் அதையே நெனச்சிண்டு இருந்தேன்” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போனை எடுத்து, தான் எடுத்த படத்தைக் காட்டினார். பேனரின் முன்னால் அவரும் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா, முதலில் என் கண்ணில் பட்டது உன் தலைகூட இல்லை. ரவிக்கை. கிளிப்பச்சைப் புடவைக்கு என்னுடைய பழைய மெரூன் ரவிக்கை. ஊருக்கே ரவிக்கைத் துணி பொருத்திக் கொடுத்தவள், பொருந்தாத ரவிக்கையோடு ஆறடி உயரத்தில் நிற்கிறாள். மாமிக்கு வெட்டிக் கொடுத்த லைனிங்கின் ஓரம் கோணலாகிவிட்டது.

இதை யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த மனிதர் மேடை நாடக நடிகர். சபாக்களில் சிரிப்பு நாடகம் போடுகிறவர், இப்போது சீரியலிலும் வருகிறார். அத்தான் தவறிப்போன வருஷம் நீ பேசுவதையே விட்டிருந்தாய். யாரோ கொடுத்த பாஸில் நான் உன்னை இழுத்துக்கொண்டு போனது அவருடைய நாடகத்துக்குத்தான். கல்யாணத் தரகராக வந்து, பெண்வீட்டில் ஒரு ஜாதகத்தையும் மாப்பிள்ளைவீட்டில் ஒரு ஜாதகத்தையும் நீட்டி மாட்டிக்கொண்டு முழிப்பார். நீ சிரித்தாய். எட்டு மாதம் கழித்து முதல் தடவை சிரித்தாய். அன்றிலிருந்து அவர் நமக்கு நம்மாளு.

அந்த நன்றியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

தரகர் வேஷத்துக்கு அவர் போடுவது கடுகு மஞ்சள் ஜிப்பா. ஒரு தடவை பார்த்தபோது அதன் பாக்கெட் மாறியிருந்தது. பழையது கிழிந்து வேறு துணியில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். நாலாவது வரிசையிலிருந்து அதை நீதான் கண்டுபிடித்தாய். “ஏட்டி முத்து, அந்தப் பாக்கெட்டப் பாரு. கடுகு மஞ்சள்ல கொண்டுபோய் மாம்பழ மஞ்சள வச்சுத் தச்சிருக்கானுவ. பாக்கவே சகிக்கல” என்று என் தொடையில் கிள்ளினாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் உன்னால் நிம்மதியாகச் சிரிக்க முடியவில்லை. அவர் பாக்கெட்டிலிருந்து ஜாதகத்தை எடுக்கும்போதெல்லாம் ஹால் முழுக்கச் சிரிக்கும், நீ மட்டும் உச்சுக் கொட்டுவாய்.

அடுத்த நாடகத்துக்கு, அச்சு அசல் அதே நிறத்தில் கால் மீட்டர் வெட்டி, காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாய். நாடகம் முடிந்ததும் பக்கத்து கேட்டில் நின்றோம். செட்டுச் சாமான் ஏற்றுகிற வண்டி ஒரு பக்கம், ரசிகர் கூட்டம் ஒரு பக்கம். அவர் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். அப்படி எத்தனை ஞாயிற்றுக்கிழமை! கூரியரில் அனுப்பிவிடலாமே என்று நான் சொன்னதற்கு, “கையில குடுத்தாத்தான்ட்டி எந்த நூலு போடணும்னு சொல்ல முடியும். தையக்காரன் திரும்பவும் சொதப்பிருவான்” என்றாய். பிடிவாதத்தில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

பிறகு உடம்பு படுத்திவிட்டது. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி, மருந்து, வாந்தி, மறுபடி மருந்து. மூன்றாவது தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்த வாரம், ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு நாடகம் இருக்கிறது என்று பேப்பரில் பார்த்துவிட்டாய். போயே ஆகவேண்டும் என்றாய். இடது கை வீங்கி உன் ரவிக்கை எதுவும் ஏறவில்லை. என் ரவிக்கைகளில் தொளதொளவென்று இருந்தது மெரூன் ஒன்றுதான். நான் தயங்கினேன். “இருட்டுல ஒக்காந்து பாக்கப் போறோம், யாரு பாக்கா?” என்றாய். மாஸ்க் போட்டுவிட்டேன், ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிவிட்டேன், கிளம்பினோம். மடித்த துணி உன் பையில் இருந்தது.

நாடகம் முடிந்து கேட்டில் நின்றோம். அவருடைய மேனேஜர், அதுதான் சட்டையில் கறுப்புக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவானே, அவன் உன் மாஸ்க்கையும் ஸ்கார்ஃபையும் பார்த்தான். “பேஷண்டா மேடம்? வாங்க வாங்க, வழி விடுங்கப்பா” என்றான். இத்தனை வருஷம் கிடைக்காத வழி அன்றைக்குத் திறந்தது. எனக்கு அதில் எதுவும் உறைக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, அக்கா. ஒப்புக்கொள்கிறேன்.

அவர் எதிரில் வந்தார். நீ இரண்டு கையாலும் பொட்டலத்தை நீட்டினாய். “சார், பாக்கெட்டு…” என்று மாஸ்க்குக்குள்ளிருந்து தொடங்கினாய். கோயிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மடித்த காகிதத்தை இரண்டு கையால் நீட்டினால் மயிலாப்பூரில் யாரும் என்ன நினைப்பார்கள்? “பிரசாதமாம்மா?” என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீ இல்லை என்று சொல்ல மாஸ்க்கைக் கீழே இழுத்தாய். அவர் உன் தலையில் கை வைத்தார். ஸ்கார்ஃப் நழுவியது. மேனேஜர் போனை நீட்டிப் படம் எடுத்துவிட்டான். அடுத்த நிமிஷம் கார் கிளம்பிவிட்டது.

மேனேஜர் என்னிடம் கேட்டான், உன்னிடம் இல்லை. “மேடம், இத சாரோட பேஜ்ல போடலாமா?” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தாராளமா போடுங்க சார்.” தாராளமாக! யார் வீட்டுச் சொத்து என்று அவ்வளவு தாராளம்? என் நம்பரையும் கொடுத்து, எனக்கும் அனுப்பச் சொன்னேன். வந்த படத்தை உன்னிடம் காட்டாமலேயே சொந்தக்காரர்கள் நாலைந்து பேருக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து நீ போனபோது, அந்த மேனேஜருக்கும் ஒரு வரி எழுதினேன். ‘சாரைப் பார்த்த சந்தோஷத்தோடு அக்கா போய்விட்டார்’ என்று. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர் என்ன கட்டடம் கட்டியிருக்கிறார் என்பதைப் போன மாதம்தான் என் காதால் கேட்டேன்.

மாமி வந்து சொன்ன அந்த வாரமே டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் பேனர். அதைத் தாண்டாமல் உள்ளே போகமுடியாது. ஜனங்கள் வடை தின்றுகொண்டே உன்னைப் பார்த்தார்கள். எண்ணெய்க் கையோடு ஒருவர் உன் முகத்தைச் சுட்டிக்காட்டி, பக்கத்திலிருந்தவரிடம் என்னமோ சொன்னார். நான் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

அதே தரகர் நாடகம்தான். நான் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. முடிந்ததும் வழக்கம்போல எல்லா நடிகர்களும் திரைக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள். அவர் மைக்கை வாங்கினார். குரலை இறக்கிக்கொண்டார்.

“ஒரு தாய். எழுபத்தஞ்சு வயசு. டாக்டர் ஒரு வாரம்தான்னு கைய விரிச்சுட்டார். கடைசி ஆசை என்னன்னு கேட்டாங்க. ‘அவரோட நாடகம் பாக்கணும்’னு சொன்னாங்க அந்தத் தாய். ஐசியூவுலேர்ந்து நேரா, வீல்சேர்ல, இந்த ஹாலுக்கு வந்தாங்க…”

உனக்கு அறுபத்தொன்று. ஐசியூவை நீ கண்ணாலும் பார்த்ததில்லை. வீல்சேர் இல்லை, ஆட்டோவில் வந்து, கேட்ட கூலி அதிகம் என்று டிரைவரோடு சண்டை போட்டுவிட்டு இறங்கியவள் நீ.

“ரெண்டு மணி நேரம் வலி மறந்து சிரிச்சாங்க. வெளில வந்து, கபாலி கோயில் விபூதிய என் கைல வெச்சு, ‘அப்பா, நீ நூறு வருஷம் இருக்கணும்’னாங்க. அன்னிக்கு ராத்திரியே கண்ண மூடிட்டாங்க. அந்த விபூதி இன்னும் என் பூஜை ரூம்ல இருக்கு.” இந்த இடத்தில் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு அடுத்த வார நாடகத்துக்கு எல்லோரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்றார். ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண் விசும்பி விசும்பி அழுதாள். என் அக்காவுக்காக இல்லை. எவளோ எழுபத்தைந்து வயசுக் கிழவிக்காக.

வாய் கூசாதா அக்கா? கொஞ்சமாவது? பொய்யென்றால் ஒரு அளவு இருக்கிறது. அந்த ஜிப்பாவோடுதான் நின்றார். பாக்கெட்டில் அதே மாம்பழ மஞ்சள்.

பேனரை எடுக்கச் சொல்லவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வேறு மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். பக்கத்து கேட்டுக்குப் போனேன். மேனேஜரிடம் சொன்னேன். “பேசறேன் மேடம், அடுத்த வாரம் பாக்கலாம்” என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. நேற்று, நாலாவது ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் வாங்காமல் நேராக கேட்டுக்குப் போய் நின்றேன்.

அங்கே நான் பார்த்ததைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். பேனர் பார்த்த ஜனங்கள் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். ஒருத்தன் பக்கவாதம் வந்த அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து முதல் ஆளாக நிறுத்தியிருந்தான். பெரியவருக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. வாயோரம் எச்சில் வழிகிறது, மகன் துடைக்காமல் போன் கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னொரு அம்மாள் மருமகளின் மாவுக்கட்டுக் கையைத் தெரிகிற மாதிரி வெளியே எடுத்துவிட்டாள். “நல்லா காட்டு, அப்பதான் கூப்புடுவாங்க.” மேனேஜர் கூட்டத்துக்குள் நடந்தபடி, “பேஷண்ட் யாராச்சும் இருக்கீங்களா? பேஷண்ட் மட்டும் முன்னாடி வாங்க” என்று பொறுக்கிக்கொண்டிருந்தான். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இதோடு நிறுத்தினால் நான் யோக்கியமானவள் ஆகிவிடுவேன். மேனேஜர் என்னைத் தாண்டிப் போகும்போது நான் கூவினேன்: “சார், நான் பேனர்ல இருக்குற அம்மாவோட தங்கச்சி!” அவன் நின்றான். கூட்டம் விலகியது. பக்கவாதப் பெரியவரைத் தாண்டி என்னை முன்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். உன்னைக் காட்டித்தான் நானும் உள்ளே போனேன். அந்த மாவுக்கட்டு மாமியாருக்கும் எனக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

அவர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேஷத்தைக் கலைத்திருந்தார். பக்கத்தில் பார்த்தால் களைத்த கிழவர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “உங்க அக்கா சாதாரண மனுஷி இல்லம்மா. தெய்வம். அவங்க போன அன்னிக்கு நான் சாப்பிடல” என்றார். அழுதார். நிஜ அழுகை. அதுதான் இன்னும் மோசம். அவர் சொல்வதை அவரே நம்பிவிட்டார்.

“சார், அந்தப் பேனர எடுத்துருங்க. அக்கா அந்தக் கோலத்துல யாரு முன்னாலயும் வந்ததில்ல” என்றேன்.

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. எத்தன பேருக்கு அது தைரியம் குடுக்குது தெரியுமா? அவங்க இப்ப உங்க அக்கா மட்டும் இல்ல. எல்லாருக்கும் சொந்தம்.”

“அவளுக்கு எழுபத்தஞ்சு இல்ல சார், அறுபத்தொண்ணு. அவ குடுத்தது விபூதி இல்ல. உங்க ஜிப்பா பாக்கெட்டு கலர் தப்பா இருக்குன்னு மேட்சிங் துணி வெட்டிட்டு வந்தா. அதுக்காக வருஷக்கணக்கா இந்த கேட்டுல நின்னா.”

அவர் முழித்தார். ஜாதகம் மாறிப்போனதும் தரகர் முழிப்பாரே, அதே முழி. கூட்டத்தில் சிலர் சிரித்தேவிட்டார்கள், நாடகம் என்று நினைத்து. அப்போது ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த டிரைவர் தலையை நீட்டினார். “அதாம்மா அது? மஞ்சத் துணி? நாந்தான் பிரிச்சேன். இன்னாடா பிரசாதம்னாங்க, துணி கீதேன்னு பாத்தேன். நல்ல துணிமா, இன்னும் அதுலதான் கண்ணாடி தொடைச்சிக்கினு கீறேன்.” கதவுப் பையிலிருந்து எடுத்தும் காட்டினார். கடுகு மஞ்சளும் இல்லை, மாம்பழ மஞ்சளும் இல்லை. கறுப்பு.

நம்மாளு ஒரு நொடிதான் தடுமாறினார். பிறகு சிரித்தார். “பாருங்க, அவங்க ஆசீர்வாதம்தான் இத்தன நாளா வண்டிய ஓட்டுது!” என்றார். கூட்டம் கைதட்டியது. டிரைவர் மட்டும் தட்டவில்லை, துணியை மடித்துத் திரும்ப வைத்துக்கொண்டார். “அடுத்த ஞாயிறு நீங்க மேடைக்கு வாங்கம்மா. இதையே சொல்லுங்க. விபூதியவிட இது நல்லா இருக்கு” என்று என் தோளைத் தட்டினார் நம்மாளு. மேனேஜர் போனைத் தூக்கினான். அவருடைய கை என் தலையை நோக்கி வந்தது.

நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். “தொடாதீங்க” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பினார்கள். ‘பாவம், துக்கத்துல பேசறாங்க’ என்று அவர் மற்றவர்களிடம் விளக்கம் சொல்லிவிட்டு, பக்கவாதப் பெரியவரிடம் போய்விட்டார். பெரியவரின் தலையில் கை. படம். கார் போயேவிட்டது.

நான் முன்வாசலுக்கு நடந்தேன். நாலு மணி ஆட்டம் முடிந்து, வெளிச்சம் இன்னும் இருந்தது. பேனருக்கு முன்னால் யாரும் இல்லை. என் கைப்பையில் கடைக் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும், உனக்குத் தெரியுமே. துணி வெட்டுகிற கத்தரியால் துணி, நூல் தவிர வேறெதை வெட்டினாலும் நீ கத்துவாய். நேற்று பிளாஸ்டிக் பேனரை வெட்டினேன், அக்கா. மன்னித்துக்கொள். உன் தோளில் தொடங்கி, கழுத்து, காது, தலையைச் சுற்றி, அவர் கைக்குக் கீழே நுழைந்து, அந்தப் பக்கம் இறங்கி வெட்டினேன். விரலெல்லாம் கன்றிப்போயிற்று.

நாலைந்து பேர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கூடிவிட்டார்கள். வாட்ச்மேன் ஓடிவந்தார். “யம்மா! இன்னாமா பண்றே? யார கேட்டுக் கீய்ச்சிக்கினு கீற?”

“இது என் அக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

அவர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம் இரண்டு பேருக்கும் ஒரே மூக்குதானே. கேட் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த இடத்தில் மனுஷனாக நடந்துகொண்டவர்கள் அவரும் அந்த டிரைவரும்தான்.

உன்னைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பேனரில் நம்மாளு இன்னும் சிரித்தபடி நிற்கிறார், கைக்குக் கீழே ஒரு ஓட்டை. என்னை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் மெதுவாகப் போய், பேனருக்குப் பின்னால் நின்று, அந்த ஓட்டைக்குள் தன் தலையை நுழைத்தான். அவன் நண்பன் படம் எடுத்தான். அடுத்து ஒரு பெண் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். “இங்க வாம்மா, சார் கை கரெக்டா தலைல வர்ற மாதிரி நில்லு.” நான் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அங்கே வரிசையே நின்றுவிட்டது. தூ! இந்த ஜென்மங்களோடா நாம் இத்தனை வருஷம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றோம்? நாமும் இப்படித்தான் தெரிந்திருப்போமா, காருக்குள்ளிருந்து பார்த்தவருக்கு?

வீட்டுக்கு வந்து, கீழே கடைக்குள் துணி வெட்டும் மேஜையில் உன்னை விரித்தேன். சுருண்டு சுருண்டு வந்தது. நாலு மூலையிலும் துணிக்கட்டுகளை வைத்தேன். கிழித்து எறியத்தான் கொண்டுவந்தேன். எறிவதற்கு முன்னால் முதல் தடவையாக உன் முகத்தை நின்று பார்த்தேன். இந்த ஒரு மாதமும் ரவிக்கையைப் பார்த்தேன், மொட்டையைப் பார்த்தேன், அந்தக் கையைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். ஈறெல்லாம் தெரிய, கண் சுருங்க. உனக்கு உடம்புக்கு வந்த பிறகு என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. ஸ்கார்ஃப் தோளில் கிடக்கிறது. நீ அதைப் பிடிக்கக் கையைத் தூக்கவே இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குத் திரும்பி வரும் ஆட்டோவில் நான் அவசர அவசரமாக ஸ்கார்ஃபை எடுத்துக் கட்டப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். “சும்மா இருட்டி. காத்து நல்லா படுது” என்றாய். ராதாகிருஷ்ணன் சாலை சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரன் பார்த்தான், நீ அவனைப் பார்த்துச் சிரித்தாய். நான்தான் மறுபடியும் கட்டினேன். வீட்டு வாசலில் இறங்குவதற்குள், முடிச்சு இறுக்கி, நெற்றிவரை இழுத்துக் கட்டிவிட்டேன். ஒவ்வொரு நாளும் கட்டியது நான்தான். கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், எதிர்வீட்டுக்காரி கேட்பாள் என்று சொல்லிக்கொண்டே கட்டினேன். நீ ஒருநாளாவது கட்டு என்று கேட்டாயா? எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை.

யாருக்கு வெட்கமாக இருந்தது அக்கா? உனக்கா, எனக்கா?

அவர் உன்னைக் கேட்காமல் ஊருக்குக் காட்டினார். நான் உன்னைக் கேட்காமல் ஊரிடமிருந்து ஒளித்து வைத்தேன். அவர்மேல் இருக்கிற அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. அதில் பாதியை நான் வாங்கிக்கொள்ளவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ‘போடட்டும்ட்டி, ரவிக்கைய மட்டும் பச்சையா மாத்தச் சொல்லு’ என்றிருப்பாயோ?

படத்தை எறியவில்லை. மேலே கொண்டுபோய் உன் அறைச் சுவரில், ஜன்னலுக்கு எதிரே, நாலு ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். அவருடைய விரல் நுனி இரண்டு உன் தலையோரம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, அதை மட்டும் வெட்டி எடுத்தேன். எதிர்வீட்டுக்காரி காலையில் காப்பிப் பொடி கேட்டு வந்தாள். அறைக் கதவு திறந்திருந்தது. என் கை தன்னாலே கதவைச் சாத்தப் போனது. சாத்தவில்லை. “அய்யய்யோ, அக்காவா? முடியெல்லாம் போயிருச்சா?” என்றாள். “ஆமா, போயிருச்சு” என்றேன். அவ்வளவு சுலபமாக இருந்தது, அக்கா. இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு நீ செத்துப்போகவேண்டியிருந்தது.

இனி அந்த கேட்டில் போய் நிற்கமாட்டேன். உன்னை எவன் மேடையில் ஏற்றினாலும் போய் இறக்கிக்கொண்டு வருவேன். உன் ஜன்னல் திறந்தேதான் இருக்கும். காற்று படட்டும். உன் தலையில் இனி நான் எதையும் கட்டமாட்டேன்.

உன்னைக் கேட்காமலே உனக்குத் துணி கட்டிவிட்டுக்கொண்டிருந்த
உன் கூடப்பிறந்தவள்,
முத்து